அழுகிற தாயின் முகத்துக்குக் கீழே வக்கீலின் போன் நம்பர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இராமநாதபுரம் மாவட்ட நீதிமன்றங்களில் 22 வருடமாக வழக்கறிஞராக இருக்கிறேன். பிறந்தது கடற்கரை ஊரில், விசைப்படகு வைத்திருந்த வீட்டில். வக்கீல்கள் இணையத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பார் அசோசியேஷன் அறையில் எங்களுக்குள் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டோம். இதில் அடிபடுவது உங்கள் பத்திரிகையை வாங்கிப் படிக்கிற சனங்கள்தான் என்பதால் வெளியே வந்து எழுதுகிறேன்.

சில வாரங்களுக்கு முன்னால் ஒரே வீடியோ நான்கைந்து வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து என் போனுக்கு வந்தது. ஒரு தாய் மணலில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுகிறார். மகன் போன படகை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டது என்ற சேதி அன்றைக்கு விடியற்காலையில்தான் வந்திருக்கிறது. முந்தானை சரிந்து மணலில் கிடக்கிறது, பக்கத்தில் நிற்கிற சின்னப் பெண் அதை எடுத்து அவர் தோளில் போடப் பார்க்கிறாள், அவர் ஆடுகிற ஆட்டத்தில் முடியவில்லை. இதற்குப் பின்னணியில் ஒரு சோக இசை. அவருடைய முகத்துக்குக் கீழே மஞ்சள் பட்டை, அதில் கருப்புக் கோட்டு போட்ட ஒருவரின் படம், பெயர், பெரிய எழுத்தில் போன் நம்பர். 'மீனவர்களை மீட்க, படகை மீட்க உடனே அழைக்கவும்.'

அந்த அம்மாவை எனக்குத் தெரியும். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன், ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் போய்ப் பார்த்தபோது, "அந்த வக்கீல் யாருன்னே எனக்குத் தெரியாது வக்கீலம்மா, என்னைப் படம் புடிச்சது யாருன்னும் தெரியாது" என்றார். வீடியோ எடுத்த பையன் ஏதோ குழுவில் போட்டிருக்கிறான், அங்கிருந்து அதை எடுத்து யாரோ தன் நம்பரை ஒட்டிவிட்டார்கள். அதைவிடக் கொடுமை, அவருடைய மருமகள் அந்த நம்பருக்குப் போன் செய்து, கேட்ட முன்பணம் 5,000 ரூபாயைப் போனிலேயே அனுப்பியிருக்கிறாள். அதற்கு அப்புறம் அந்த நம்பர் எடுக்கவே இல்லை.

இங்கே ஒன்றை உடைத்துச் சொல்லிவிடுகிறேன், நம் கரையில் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பதிவு செய்த வக்கீல் யாரும் இலங்கையில் இருக்கிற மன்னார் நீதிமன்றத்திலோ ஊர்காவற்றுறை நீதிமன்றத்திலோ எழுந்து நின்று வழக்காட முடியாது. அந்த நாட்டில் பதிவு பெற்ற சட்டத்தரணிதான் அங்கே ஆஜராக முடியும். நாங்கள் இங்கிருந்து செய்யக்கூடியது வேறு: படகின் பதிவுச் சான்றிதழ்களைத் தயார் செய்து கொடுப்பது, மீன்வளத் துறைக்கும் அரசுக்கும் மனு எழுதுவது, யாழ்ப்பாணத்தில் இருக்கிற இந்தியத் துணைத் தூதரகத்துக்கு விவரம் போய்ச் சேரப் பார்ப்பது, தேவைப்பட்டால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனுப் போடுவது. இதெல்லாம் உண்மையான வேலைதான், இதற்குக் கட்டணம் வாங்குவதும் தப்பில்லை. ஆனால் 'மீட்டுத் தருகிறோம்' என்று எந்த வக்கீலும் வாக்குக் கொடுக்க முடியாது. முடியாத ஒன்றை முடியும் என்று, அதுவும் மகன் உயிரோடு இருக்கிறானா என்றுகூட உறுதியாகத் தெரியாத நேரத்தில் ஒரு குடும்பத்திடம் சொல்வதை விளம்பரம் என்று சொல்லவே எனக்கு வாய் வரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பலருக்குத் தெரியாது, எங்கள் ஆட்களிலேயே சிலர் தெரியாத மாதிரி இருக்கிறார்கள். வக்கீல்களைக் கட்டுப்படுத்துகிற அமைப்பான இந்திய பார் கவுன்சிலின் விதிகளில் 36-வது விதி என்று ஒன்று இருக்கிறது. வக்கீல் நேராகவோ சுற்றி வளைத்தோ வேலை கேட்டுப் போகக்கூடாது, விளம்பரம் செய்யக்கூடாது. துண்டுச் சீட்டு, புரோக்கர், பழக்கமில்லாதவரைத் தேடிப் போய்ப் பேசுவது, தான் நடத்துகிற வழக்கைப் பற்றிப் பத்திரிகையில் வரவைப்பது, அந்த வழக்கோடு சேர்த்துத் தன் படத்தைப் போட வைப்பது, எல்லாமே கூடாது. பெயர்ப்பலகைகூட நியாயமான அளவில்தான் இருக்க வேண்டும். அந்தச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தேன், இந்த அமைப்போடு தொடர்பு உண்டு, முன்னாள் நீதிபதி என்றெல்லாம் அதில் எழுதக்கூடாது. மீறினால் வழக்கறிஞர்கள் சட்டம் 1961-ன் 35-வது பிரிவில் மாநில பார் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரிக்கும். கண்டிக்கலாம், சில காலம் தொழில் செய்யத் தடை போடலாம், பட்டியலிலிருந்து பெயரையே எடுத்துவிடலாம்.

இந்த விதி எதற்காக என்று சட்டம் படிக்கும் பிள்ளைகள் கேட்டால் நான் 1975-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கைத்தான் சொல்வேன். பம்பாய் மாஜிஸ்திரேட் கோர்ட் வாசலில் சில வக்கீல்கள் நின்றுகொண்டு, உள்ளே வருகிற ஆட்களை மொய்த்து, வழக்கைப் பிடுங்க ஒருவரோடு ஒருவர் அடிபிடிவரை போய், ஒருவர் சொன்ன கட்டணத்தை இன்னொருவர் குறைத்துச் சொல்லி ஆள் பிடித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்தத் தீர்ப்பில், சட்டம் வியாபாரமும் இல்லை, வழக்குக் கட்டு சரக்கும் இல்லை என்று எழுதினார். இன்றைக்கு ஒரு விபத்துச் செய்தி ஃபேஸ்புக்கில் வந்தால் அதன் கீழே கமெண்டில் 'இழப்பீடு பெற அழைக்கவும்' என்று மூன்று நம்பர் வரிசையாக நிற்கிறது, நாலாவது ஆள் 'ஜெயித்தால் மட்டும் பீஸ்' என்று போடுகிறார். பம்பாய் கோர்ட் வாசலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கிடைக்கிற தொகையைப் பொறுத்துப் பீஸ் பேசுவதே விதிப்படி கூடாது, 20-வது விதி அதைத்தான் சொல்கிறது. அதைப் பகிரங்கமாக விளம்பரம் போட்டுச் சொல்கிறார்கள்.

அதற்காக வக்கீல் இணையத்தில் தலைகாட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2008-ல் 36-வது விதியைத் திருத்தி, வக்கீல் சொந்தமாக இணையதளம் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தார்கள். பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துவிட்டு, பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், பதிவு எண், பதிவு செய்த தேதி, எந்த மாநில பார் கவுன்சில், என்ன படித்திருக்கிறார், எந்தெந்தத் துறைகளில் வழக்கு நடத்துகிறார், இவ்வளவும் போடலாம், போட்டது உண்மை என்று உறுதிமொழியும் கொடுக்க வேண்டும். என்னைக் கேட்டால் ஒரு கட்சிக்காரருக்கு வக்கீலைப் பற்றித் தெரிய வேண்டியது முக்கால்வாசி இதிலேயே வந்துவிடுகிறது. குறிப்பாக அந்தப் பதிவு எண். வெள்ளைச் சட்டை கருப்புக் கோட்டில் வீடியோ போடுகிற எல்லோரும் வக்கீல் கிடையாது. பதிவு எண்ணையும் வருடத்தையும் கேளுங்கள், உண்மையான வக்கீல் கோபப்பட மாட்டார்.

2024-ல் இரண்டு தீர்ப்புகள் அடுத்தடுத்து வந்தன, இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். மே 14-ம் தேதி உச்ச நீதிமன்றம், வக்கீல்மேல் சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது, ஏனென்றால் இது வியாபாரத்திலிருந்து வேறுபட்ட தனித்தன்மையான தொழில் என்று சொன்னது. அன்றைக்கு எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் சந்தோஷம். ஜூலை 3-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு, பிளம்பர் நம்பரும் வாடகை வீடும் தேடித் தருகிற இணைய நிறுவனங்கள் வழியாக ஆள் பிடிக்கிற வக்கீல்கள்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி பார் கவுன்சிலுக்கு உத்தரவு போட்டது. வக்கீல்களுக்கு ஸ்டார் கொடுத்து ரேங்க் போடுவது இந்தத் தொழிலுக்கே இழுக்கு என்றும் சொன்னது. அன்றைக்கு அதே ஆட்களில் சிலருக்கு முகம் வாடிவிட்டது. நுகர்வோர் வழக்கு வரும்போது மட்டும் 'நாங்கள் வியாபாரி இல்லை', ரீல்ஸ் போடும்போது மட்டும் வியாபாரியா? ஒரு பக்கத்துப் பாதுகாப்பை வாங்கிக்கொண்டவர்கள் இன்னொரு பக்கத்துக் கட்டுப்பாட்டையும் ஏற்கத்தான் வேண்டும். 2025 மார்ச்சில் பார் கவுன்சில் மறுபடியும், சினிமா நடிகர்களை வைத்து விளம்பரம், சமூக வலைத்தளப் பிரபலங்கள் வழியாக விளம்பரம் எல்லாவற்றையும் கண்டித்து அறிக்கை விட்டது. அதற்கு அப்புறமும் நிற்கவில்லை.

சரி, விதிகள் எழுதியவர்கள் நினைத்தே பார்க்காத ஒரு விஷயம் நம் கரையில் இருக்கிறது, இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். 'கட்சிக்காரர் பெயரைப் போடவில்லையே' என்று எங்கள் இளைஞர்கள் சொல்கிறார்கள். சென்னையில் அது செல்லும். இங்கே செல்லாது. பாம்பனிலிருந்து தொண்டி வரைக்கும், இந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரைக்கும் யார் வீட்டுப் பெண்ணை எந்த ஊரில் கட்டிக் கொடுத்தார்கள், மாப்பிள்ளை கத்தாரில் இருக்கிறாரா சவூதியில் இருக்கிறாரா, யாருடைய படகுக்கு எந்தக் கலர் பெயின்ட், எல்லாம் எல்லோருக்கும் தெரியும். பெயர் இல்லாமல் நீங்கள் இரண்டு தகவல் சொன்னால் போதும், மூன்றாவதை டீக்கடையில் சொல்லிவிடுவார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு இளம் வக்கீல், நல்ல பிள்ளை, உழைப்பாளி, சில வருடங்களுக்கு முன்னால் ஒரு தீர்ப்பு கிடைத்த சந்தோஷத்தில் ஃபேஸ்புக்கில் எழுதினார். 'வெளிநாட்டில் இருந்துகொண்டே ஒன்பது வருடம் ஒரு பெண்ணை அலைக்கழித்தவருக்கு இன்று பாடம், இரண்டு பெண் குழந்தைகளோடு அந்தச் சகோதரிக்கு விடுதலை.' பெயர் இல்லை, ஊர் இல்லை. (இங்கேயும் சில விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன்.) கோர்ட் வராண்டாவில் அந்தப் பெண்ணும் பக்கத்தில் நின்ற மாதிரி ஒரு படம், அவருடைய முகத்தை மறைத்திருந்தார். ஆனால் சேலை தெரிந்தது. கையில் இருந்த ஓலைப்பெட்டி தெரிந்தது. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்தப் பெண் தன் பிள்ளைகளிடம் அப்பாவைப் பற்றி இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை, மூத்தவளுக்குப் பள்ளிக்கூடத்தில் கூடப் படிக்கிற பிள்ளை போனில் காட்டித்தான் தெரிந்திருக்கிறது. மறுநாள் அவர் கோர்ட்டுக்கு வந்து அந்த வக்கீலிடம் சண்டை போடவில்லை. தீர்ப்பு நகலை மட்டும் வாங்கிக்கொண்டு, "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தம்பி அன்றைக்கே போஸ்ட்டை எடுத்துவிட்டார். ஆனால் ஸ்கிரீன்ஷாட்டை யார் அழிப்பது?

கட்சிக்காரர் நம்மிடம் சொன்னதை வெளியே சொல்லக்கூடாது என்பது மரியாதை சம்பந்தப்பட்டது மட்டும் கிடையாது, சட்டம். பழைய சாட்சியச் சட்டத்தில் 126-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் வந்திருக்கிற பாரதிய சாட்சிய அதினியத்தில் 132. வழக்கு முடிந்த பிறகும் இந்தக் கடமை முடியாது. குழந்தைகள் சம்பந்தப்பட்ட போக்சோ வழக்கு, பாலியல் குற்ற வழக்கு என்றால் அடையாளம் தெரிகிற மாதிரி எதையும் போடுவது தனிக் குற்றமே ஆகிவிடும். பள்ளிக்கூடப் பெயர், தெருப் பெயர், அப்பா என்ன தொழில் செய்கிறார் என்பதுகூட அடையாளம்தான். உத்தரவு நகலைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கிற பழக்கம் இப்போது பெருகிவிட்டது. பெயரை மார்க்கர் பேனாவால் அடித்துவிட்டு வழக்கு எண்ணை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அந்த எண்ணை, வழக்கு விவரம் காட்டுகிற ஈ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் பெயர் வந்துவிடும் என்று ஒரு வக்கீலுக்குத் தெரியாதா?

கூகுள் ரிவ்யூ விஷயத்தில் நானே தப்புச் செய்யப் போனேன், அதையும் சொல்லிவிடுகிறேன். என் அலுவலகத்தின் பெயருக்குக் கீழே ஒருவர் ஒரு ஸ்டார் போட்டு, 'பணத்தை வாங்கிக்கொண்டு வாய்தா மேல் வாய்தா வாங்கி இழுத்தடிக்கும் வக்கீல், யாரும் போகாதீர்கள்' என்று எழுதியிருந்தார். எனக்கு யாரென்று உடனே தெரிந்துவிட்டது. அந்த வழக்கில் வாய்தா கேட்டதே அவர்தான், ஒரு ஆவணத்தை என்னிடமே மறைத்து வைத்திருந்தார், அது எதிர்தரப்பு வழியாக வெளியே வந்தபோது நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ராத்திரி 11 மணிக்கு உட்கார்ந்து தேதி வாரியாக எல்லாவற்றையும் பதிலாக டைப் செய்தேன். விரல் அனுப்பு பொத்தானுக்குப் பக்கத்தில் இருந்தது. அப்போது என் குமாஸ்தா அண்ணன் சொன்ன ஒரு வார்த்தை ஞாபகம் வந்தது, அவர் எனக்கு முன்னால் என் சீனியரிடம் முப்பது வருடம் வேலை பார்த்தவர். "கேஸ் கட்டை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாலும் நடுவீட்டுல பிரிக்காதீங்கம்மா." மொத்தத்தையும் அழித்துவிட்டு, 'உங்கள் வருத்தத்தைப் பார்த்தேன், கட்சிக்காரர் யார் என்பதையும் வழக்கையும் பற்றிப் பொதுவில் பேச எனக்கு உரிமை இல்லை, அலுவலகத்துக்கு வந்தால் கட்டை முழுவதும் காட்டுகிறேன்' என்று மட்டும் போட்டேன். அவர் வரவில்லை. அந்த ஒரு ஸ்டார் இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது, இருக்கட்டும். நான் அன்றைக்கு என் பெயரைக் காப்பாற்ற அவருடைய ரகசியத்தை எடுத்து வெளியே போட்டிருந்தால், அதைப் படிக்கிற அடுத்த கட்சிக்காரர் என்னிடம் எப்படி உண்மையைச் சொல்வார்? பொய் ரிவ்யூ எழுத வைப்பதும், சொந்தக்காரப் பிள்ளைகளை விட்டு ஐந்து ஸ்டார் போடச் சொல்வதும் இதே மாதிரி மோசடிதான், அதை நீட்டி எழுத எனக்கு மனசில்லை.

இன்பாக்ஸ் என்பது இன்னொரு குழி. 'வணக்கம் மேடம், ஒரு டவுட்' என்று ஆரம்பிக்கும். பாவம், கேட்கிறவர்களுக்குப் போக இடமில்லை, பதில் சொல்லாமல் விட நமக்கும் மனசு வராது. ஒருமுறை ஜீவனாம்சம் சம்பந்தமாக ஒரு பெண் கேட்டார், புரொஃபைலில் ரோஜாப் பூ படம், பெயரும் சொந்தப் பெயர் இல்லை. நானும் என்னென்ன காகிதம் வைத்துக்கொள்ள வேண்டும், எங்கே மனுப் போட வேண்டும், கணவர் தரப்பில் என்ன சொல்வார்கள் என்று விவரமாக எழுதினேன். சில நாள் கழித்து ஒருவர் அலுவலகத்துக்கு வந்து வக்காலத்து கொடுக்க உட்கார்ந்தார். பேசப் பேச எனக்கு வேர்த்துவிட்டது, அந்தப் பெண்ணின் கணவர் இவர்தான். ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவர் அதே விவகாரத்தில் எதிர்தரப்புக்கு ஆஜராகக்கூடாது, 33-வது விதி. காரணத்தைக்கூட அவரிடம் சொல்ல முடியாது, சொன்னால் மனைவி என்னிடம் பேசியது வெளியே வந்துவிடும். 'இந்த வழக்கை என்னால் எடுக்க முடியாது' என்று மட்டும் சொல்லி அனுப்பினேன், அவர் என்னைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டு போனார். அதிலிருந்து, முகம் தெரியாதவர்கள் கேட்டால் சட்டம் பொதுவாக என்ன சொல்கிறது என்று மட்டும் சொல்வேன், அவர்கள் சொந்தக் கதையை எழுத ஆரம்பித்தால், 'நேரில் வாருங்கள், அதற்கு முன்னால் எதிர்தரப்பு யார் என்று மட்டும் சொல்லுங்கள்' என்று நிறுத்திவிடுவேன்.

பொதுவாகச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது, அதைச் சொல்வதற்கு எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு என்று 1987-ம் வருட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவு சொல்கிறது. கரையில் பாசி எடுக்கிற, கருவாடு விற்கிற எத்தனை பெண்களுக்கு இது தெரியும்? 15100 என்ற நம்பருக்குப் போன் செய்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழு உதவும். கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்தும் எண்ணும் கலந்து 16 இலக்கத்தில் சி.என்.ஆர். என்று ஒரு அடையாள எண் உண்டு, அதை வைத்து ஈ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த வாய்தா எப்போது, போன வாய்தாவில் என்ன நடந்தது என்று கட்சிக்காரரே பார்த்துக்கொள்ளலாம், வக்கீலையும் குமாஸ்தாவையும் கெஞ்ச வேண்டாம். இதையெல்லாம் மூன்று நிமிட வீடியோவாகப் போடுகிற இளம் வக்கீல்கள் இருக்கிறார்கள், அவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன். பார்க்கிறவருக்கு அந்த மூன்று நிமிடத்தில் ஒரு விஷயம் புரிந்து, நம்மிடம் வராமலேயே தன் காரியத்தை முடித்துக்கொள்ள முடிந்தால் அது நல்ல வீடியோ. பயத்தைக் கிளப்பிவிட்டு, பதிலைச் சொல்லாமல், 'மேலும் விவரங்களுக்கு' என்று நம்பரைக் காட்டினால் அது வலை வீசுவது.

கழுத்துப்பட்டையும் கவுனும் மாட்டிக்கொண்டு தனுஷ்கோடி மணலில் நடந்து வருகிற மாதிரி ரீல்ஸ் எடுக்கிறார்கள். நீதிமன்றத்துக்கு வெளியே பொது இடத்தில் அந்த உடையைப் போடக்கூடாது என்றும் விதி இருக்கிறது. நடக்கிற விசாரணையை அனுமதி இல்லாமல் போனில் பிடித்துப் போடுவது அதைவிடப் பெரிய தப்பு.

இளம் வக்கீல்கள் பக்கத்து நியாயத்தையும் நான் மறைக்கப் போவதில்லை. அப்பா, தாத்தா வக்கீலாக இருந்தால் கேஸ் கட்டு வீட்டிலேயே இருக்கும். மீன்பிடிக்கிற வீட்டிலிருந்து, குண்டு மிளகாய் போடுகிற வீட்டிலிருந்து முதல் தலைமுறையாக வருகிற பிள்ளைக்கு யார் கட்டு கொடுப்பார்கள்? 2024 ஜூனில் உயர் நீதிமன்றம் சொன்னபடி எங்கள் மாவட்டம் மாதிரியான இடங்களில் ஜூனியருக்கு மாதம் குறைந்தது 15,000 ரூபாய் கொடுக்க வேண்டும். கொடுக்கிற சீனியர்கள் யார் யார் என்று எங்கள் மனசாட்சிக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வாசலில் புரோக்கர் வைத்திருக்கிற சீனியர், ஸ்டேஷன் ரைட்டரிடம் தன் கார்டைக் கொடுத்து வைத்திருக்கிற சீனியர், கல்யாண ஃப்ளெக்ஸில் கோட்டோடு ஆளுயரத்துக்கு நிற்கிற சீனியர், இவர்கள் இன்ஸ்டாகிராமில் இருக்கிற பிள்ளையைப் பார்த்து 'தொழில் கெட்டுப்போச்சு' என்று சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. 36-வது விதியில் புரோக்கர் என்ற சொல் முதலிலிருந்தே இருக்கிறது. அதை இவ்வளவு காலம் கண்டுகொள்ளாமல் விட்டது நாங்கள்தான். ஜூனியருக்கு நியாயமான சம்பளமும் நிற்க ஒரு இடமும் கொடுத்தால் அவர் ஏன் அழுகிற தாயின் முகத்தில் நம்பரை ஒட்டப் போகிறார்? அமெரிக்காவில் 1977-லிருந்து வக்கீல்கள் விளம்பரம் செய்யலாமே, நாமும் திறந்துவிட்டால் என்ன என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். திறந்துவிட்டால் பணம் இருக்கிறவர் முகம்தான் எல்லாப் போனிலும் வரும், முதல் தலைமுறைப் பிள்ளை அங்கேயும் கடைசியில்தான் நிற்பார் என்பது என் எண்ணம்.

உங்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. தீர்ப்பு வந்த அன்று உங்கள் நிருபர்கள் கோர்ட் வாசலுக்கு வந்து, 'மேடம், ஒரு போட்டோ, இரண்டு வார்த்தை' என்று கேட்கிறார்கள். அவர்கள் வேலையை அவர்கள் செய்கிறார்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் தன் வழக்குச் செய்தியோடு படம் வரவைப்பது எங்களுக்குத் தடை செய்யப்பட்ட ஒன்று. வழக்கைப் பற்றிய செய்தியில் தீர்ப்பு என்ன, அதனால் வாசகருக்கு என்ன என்று போடுங்கள், எங்கள் படம் வேண்டாம். உங்கள் இணைய சேனலில் சட்ட ஆலோசனை நிகழ்ச்சி நடத்தினால் திரையின் அடியில் வக்கீலின் செல் நம்பரை ஓட்டாதீர்கள், அந்த இடத்தில் 15100 ஓடட்டும். மீனவர் கைதுச் செய்தி வருகிற நாளில், குடும்பத்தினர் எந்த அலுவலகத்தில் என்ன காகிதத்தோடு போய் யாரைப் பார்க்க வேண்டும் என்று மீன்வளத் துறையிடம் கேட்டு ஒரு சின்னக் கட்டம் கட்டிப் போடுங்கள். அழுகிறவர்கள் முகத்தைக் கொஞ்சம் தூரத்திலிருந்து எடுங்கள், முடிந்தால் எடுக்காமலே விடுங்கள்.

அந்த அம்மாவின் மகன் திரும்பி வந்துவிட்டான். படகு இன்னும் அங்கேதான் இருக்கிறது. 5,000 ரூபாய் பற்றி பார் கவுன்சிலுக்குப் புகார் எழுதிக் கொடுக்க நான் உதவுகிறேன், அதற்குக் கட்டணம் வாங்கவில்லை. போன வெள்ளிக்கிழமை அதே வீடியோ வேறொரு குழுவில் எனக்கு மறுபடியும் வந்தது, இந்த முறை கீழே இருந்தது வேறொருவரின் நம்பர்.

இந்தக் கடிதத்தை வெளியிடுவதாக இருந்தால் என் பெயரும் படமும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்,
இராமநாதபுரம் மாவட்டம்.